சூடானால் அணைந்துவிடும் ஹெரால்டு: விக்கிரவாண்டி அருகே நிற்கிறேன், உதவுங்கள்

தாம்பரத்தான், பிற்பகல் 1.40

வணக்கம். வண்டி 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு கார். அப்பா வைத்திருந்தது. திருச்சியிலிருந்து வீடு திரும்பும் வழியில், விக்கிரவாண்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிற்கிறேன்.

உளுந்தூர்பேட்டை வரை ஒரு குறையும் இல்லை. பிறகு விக்கல் எடுப்பதுபோல் இழுத்து இழுத்து அணைந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டால் கிளம்புகிறது, பத்து நிமிடத்தில் மறுபடி நிற்கிறது. இதோடு மூன்று முறை. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. பெட்ரோல் அரை டாங்க் இருக்கிறது.

வண்டியில் அம்மா இருக்கிறார். இழுவை வண்டி நாளைக் காலையில்தான் வருமாம். தாம்பரத்துக்கு இன்னும் சுமார் 120 கிலோமீட்டர். கையில் திருப்புளி, குறடு, இரண்டு ஸ்பேனர், கொஞ்சம் வயர் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

வைகைக்கரை, 1.52

இந்த வெயிலுக்குப் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்திருக்கும். பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, உயரத்தில் கட்டி, குழாய் வழியாக நேரே கார்புரேட்டருக்கு விடலாம். என் மாமா அப்படித்தான் ஒருமுறை ஊர் வந்து சேர்ந்தார்.

பழைய பட்டறை, 2.05

பாட்டில் வேண்டவே வேண்டாம் தம்பி. கொதிக்கும் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும், வண்டியில் அம்மா இருக்கிறார். ஒரு சொட்டு சிந்தினால் போதும். அப்படி வண்டி எரிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஈரத்துணியால் கெடுதல் இல்லை. ஆனால் கோளாறு பெட்ரோலிலா கரண்ட்டிலா என்று தெரியாமல் எதிலும் கை வைக்காதீர்கள். அடுத்த முறை அணைந்ததும், ஆறுவதற்குள் பாருங்கள். முதலில் டாங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, மூடியைத் தளர்த்தி வைத்தே வந்துவிடலாம். இல்லையென்றால் பம்பின் அடியில் இருக்கும் சிறு நெம்புகோலைக் கையால் அடியுங்கள். கண்ணாடிக் கிண்ணம் நிறைந்தால் பெட்ரோல் பக்கம் சரி.

பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, எஞ்சின் இரும்பில் சாய்த்து வையுங்கள். பிளக் கழற்றிய துளைக்கு எதிர்ப்பக்கமாக, பெட்ரோல் ஈரம் எதுவும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். செல்ஃப் அடித்தால் நீலமாகச் சடசடவென்று ஸ்பார்க் வர வேண்டும். கடைசியாக, பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, சாவி போட்டபடியே, உள்ளே கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டைத் திருப்புளியால் திறந்து பாருங்கள். கண்டதை அப்படியே எழுதுங்கள்.

தாம்பரத்தான், 2.48

ஐயா, ஓட்டினேன், எட்டே நிமிடத்தில் நின்றது. மூடியில் சத்தம் இல்லை. கிண்ணம் தளும்ப நிற்கிறது. பிளக்கில் ஸ்பார்க் மஞ்சளாக, நூல்போல், விட்டுவிட்டு வருகிறது.

பாயிண்டைத் திறந்தபோது கம்பி மத்தாப்புபோல் பொறி தெறித்தது. ஒரு முகத்தில் ஊசிமுனையளவு மேடு, எதிர் முகத்தில் அதே அளவு குழி, சுற்றிலும் நீலம் பாரித்திருக்கிறது.

பழைய பட்டறை, 2.55

கண்டென்சர் போய்விட்டது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் பாயும் கரண்ட்டைத் தாங்கிக்கொள்வது அதன் வேலை. அது செத்தால் அந்தக் கரண்ட் பாயிண்டிலேயே பொறியாக எரிந்துவிடும், பிளக்குக்கு வலு போகாது. சூட்டில் விட்டுப்போய், ஆறினால் பிழைத்துக்கொள்வது கெட்ட கண்டென்சரின் குணம்.

மின்விசிறி, 3.02

பக்கத்தில் எலக்ட்ரிக் கடை இருந்தால் சீலிங் ஃபேன் கண்டென்சர் ஒன்று வாங்கிக் கட்டலாமே?

பழைய பட்டறை, 3.06

அது 2.5 மைக்ரோஃபாரட். இதற்குத் தேவை 0.2 அளவுதான், பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பாயிண்ட் சீக்கிரம் பாழாகும். பழைய புல்லட்டின் கண்டென்சர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

கல்லுப்பட்டி, 3.10

நான் விக்கிரவாண்டியில்தான் இருக்கிறேன். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒருவர் பழைய புல்லட் வேலை பார்க்கிறார். அவரிடம் கேட்டு நானே எடுத்து வருகிறேன் அண்ணா. அம்மாவை நிழலில் உட்காரச் சொல்லுங்கள்.

பழைய பட்டறை, 3.14

நல்லது தம்பி. பழைய கண்டென்சரின் வயரைக் கழற்றிவிடுங்கள். புதியதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திணிக்க வேண்டாம். ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்ட்டேஜைத் தரும் காயிலில், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் அதன் வயரை மாட்டுங்கள். அதன் உடம்புதான் எர்த். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும் இடத்தில் இறுக்க வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான்.

பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். வண்டியை நான்காம் கியரில் போட்டு மெல்ல முன்னே தள்ளினால் எஞ்சின் சுழலும். பாயிண்ட் முழுதாகத் திறந்த இடத்தில் நிறுத்தி, இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வையுங்கள். ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று ஏறக்குறைய அந்த அளவு இருக்கும்.

தாம்பரத்தான், 4.35

ஓடுகிறது! கல்லுப்பட்டி தம்பி கண்டென்சரோடு அம்மாவுக்கு இளநீரும் வாங்கி வந்தார், பணம் வாங்க மறுத்துவிட்டார். ஹெரால்டின் பானெட் மொத்தமாக முன்னால் கவிழ்வதால் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்தே வேலையை முடித்தேன். போல்ட் நீளம் போதாததால் கண்டென்சரைக் காயில் பட்டியோடு கட்டுக்கம்பியால் இறுக்கியிருக்கிறேன். ஸ்பார்க் இப்போது நீலம். கிளம்புகிறோம்.

தாம்பரத்தான், இரவு 8.20

வீடு வந்துவிட்டோம். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. திண்டிவனத்தில் ஒருமுறை நிறுத்திக் கட்டுக்கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. வண்டலூரைக் கடந்தபோது, "இது பிறந்த இடம்" என்றார் அம்மா. ஸ்டாண்டர்டு தொழிற்சாலை அங்கேதான் இருந்தது.

அனைவருக்கும் நன்றி. ஐயா, ஒரு சந்தேகம்: புதிய பாயிண்ட் வாங்கிப் போட்டுவிட்டு, புல்லட் கண்டென்சரை வெளியிலேயே விட்டுவைக்கலாமா?

பழைய பட்டறை, 8.41

தாராளமாக விடலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருப்பதைவிட வெளியே சூடும் குறைவு. கட்டுக்கம்பியை மட்டும் நாளையே எடுத்துவிட்டு, நீளமான போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் போட்டு முடுக்குங்கள். கூடவே இன்னொரு கண்டென்சர் வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்.

அம்மா சாப்பிட்டாரா?