டி லா புவென்டே வெறும் ‘சின்னப் பொடியன்களின் கோச்’சா?

கோணமலையான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: ஸ்பெயின் உதைபந்தாட்ட அணியின் பயிற்றுவிப்பாளர் லூயிஸ் டி லா புவென்டே வெறும் சின்னப் பொடியன்களின் கோச்சாம், 2024 யூரோ கிண்ணம் அதிர்ஷ்டத்தில் கிடைத்ததாம். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஸ்பெயின் கழகமான அத்லெட்டிக் பில்பாவோவில் இடது பின்களத்தில் விளையாடி 1983, 1984 இரண்டு லீக் கிண்ணங்களையும் வென்ற மனிதர் அவர். 2015-இல் கிரேக்கத்தில் 19 வயதுக்குட்பட்டோர் யூரோ, ஸ்பெயின் அணிக்கு இவர்தான் கோச், இறுதியில் ரஷ்யாவை 2-0 என்று வென்றார்கள். அந்த அணியில் ரொட்ரி, மெரினோ, உனாய் சிமோன். ஒன்பது வருடம் கழித்து அதே மூவரும் பெர்லினில் அந்த 2024 கிண்ணம் தூக்கினார்கள். இதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

உப்புவெளி 7:
எழுதியது நான்தான் அண்ணை, நேரே பெயரைச் சொல்லிக் கேட்கலாம். 2015-இல் ரொட்ரி வில்லாரியால் பொடியன், மெரினோ ஒசாசுனா, சிமோன் பில்பாவோ. வருடம் முழுக்கப் பழக்கியது கழகங்கள். தேசிய இளையோர் அணிக்கு அவர்கள் வந்தது சில வாரங்கள்தான். யாரோ வளர்த்த பிள்ளைக்கு இவரை அப்பா என்கிறீர்கள்.

கோணமலையான்:
சில வாரங்களா? 2015-ஐ விட்டுவிட்டு 2019-ஐப் பார். இத்தாலியின் உடினேயில் 21 வயதுக்குட்பட்டோர் யூரோ இறுதி, அங்கேயும் இவர்தான் கோச், ஜெர்மனியை 2-1 என்று வென்றார்கள். அடித்தது ஃபாபியன் ரூயிஸ், டானி ஒல்மோ. மெரினோ, சிமோன் மறுபடியும் அதே அணியில். பிறகு இவருடைய அணிக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி, பிரேசிலோடு இறுதியில் ஸ்பெயினின் ஒரே கோல் ஒயர்சபால். அதே ஒயர்சபாலை 2024 யூரோ இறுதியாட்டத்தில் மொராட்டாவுக்குப் பதிலாக இறக்கினார், 86-ஆவது நிமிடத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அடித்தான். ஆளைத் தெரியாதவன் இப்படி இறக்குவானா?

உப்புவெளி 7:
அந்த இறுதியில் முதல் கோல் யமால் கொடுத்து நிக்கோ வில்லியம்ஸ் அடித்தது. 2015-இல் யமால் ஏழெட்டு வயதுப் பிள்ளை. அதற்கும் 2015-க்கும் என்ன தொடர்பு?

கிண்ணியா மைந்தன்:
2011-இல் அலாவேஸ் கழகம் ஸ்பெயினின் மூன்றாம் நிலை லீக்கில் கிடந்தபோது இவரை எடுத்து, சில மாதத்திலேயே அனுப்பியதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? கழகத்தில் ஓடாதவர்தான் இளையோர் பக்கம் போனார்.

கோணமலையான்:
அங்கே நேரம் கொடுக்கவில்லை, தேசிய அணிகளில் கொடுத்தார்கள். 2024 கால் இறுதியில் ஜெர்மனியோடு 119-ஆவது நிமிடம், ஒல்மோ தூக்கிப் போட்டான், மெரினோ தலையால் அடித்தான். இருவரும் 2019 பொடியன்கள். மெரினோ 2015-இலும் இருந்தான். 2015, 2019, 2024. இன்னும் எத்தனை தடவை எழுத?

உப்புவெளி 7:
நூறு தடவை எழுதினாலும் மெரினோவை வளர்த்தது ஒசாசுனாதான்.

நிலாவெளிக் கரை:
ஸ்பெயினை விடுங்கள். எங்கள் பொடியன்கள் 16 வயதில் மாவட்ட அணிக்குத் தெரிவாகிறார்கள், 18 வயதில் யாருக்கும் பெயர் கூட ஞாபகம் இல்லை. என் மருமகன் கொழும்புத் தெரிவுக்குப் போய் வந்தான். பூட்ஸின் அடி பிய்ந்து நூலால் கட்டியிருந்தான். ஒரு பதிலும் வரவில்லை. அங்கே 19, 21, பெரிய அணி என்று ஒரே மனிதர் பிள்ளைகளோடு சேர்ந்து ஏறி வந்திருக்கிறார். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

கோணமலையான்:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கிண்ணியா மைந்தன்:
நீங்கள் சொல்லவில்லை, அவர் சொன்னார். மாவட்ட அணி என்றால் டவுன் பொடியன்கள்தான் என்று நினைப்பவர்கள் நீங்கள். கிண்ணியாவுக்குப் பாலம் வர முன்னம் ஆளேற்றும் மிதவையான பாதையில் ஏறி, பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டு திருகோணமலை மக்கெய்சர் மைதானத்துக்கு வந்து விளையாடிய ஆட்கள் நாங்கள்.

கோணமலையான்:
வந்தீர்கள், சரி. எங்களோடு விளையாடிய அந்த அரையிறுதியில் பெனால்டி இல்லாத இடத்தில் விழுந்து பெனால்டி எடுத்ததும் நீங்கள்தானே?

கிண்ணியா மைந்தன்:
காலைத் தட்டியது உங்கள் பின்கள ஆள். மைதானமே பார்த்தது.

உப்புவெளி 7:
பேச்சை மாற்றாதீர்கள் அண்ணை. 2015-இல் ரொட்ரி எந்தக் கழகம்?

கோணமலையான்:
வில்லாரியால். கிரேக்கத்தில் அவனை அணிக்குள் எடுத்தது யார்? அதற்கு நீ முதலில் பதில் சொல். பெனால்டி விஷயத்தை நான் இன்னும் விடவில்லை, கிண்ணியாக்காரரே. நடுவர் எங்கே நின்றார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கிண்ணியா மைந்தன்:
நடுவர் பந்துக்குப் பக்கத்தில் நின்றார். நீங்கள்தான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றீர்கள்.