காட்டிங்காப் புதர்க்காட்டின் குழிவிரியன்: சீரத்தில் சேராத நஞ்சு முறியுமா?

பனங்காடு:
வணக்கம். பிரேசிலின் வடகிழக்கில், காட்டிங்கா என்னும் வறண்ட முட்புதர்க்காட்டில் வாழும் போத்ராப்ஸ் எரித்ரோமெலாஸ் என்ற குழிவிரியனை (கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே வெப்பம் உணரும் குழியுள்ள விரியன்) பற்றிப் படித்து வருகிறேன். அந்நாட்டில் போத்ராப்ஸ் பேரினப் பாம்புகளின் கடிக்கான சீரம், அதாவது நஞ்சுமுறி மருந்து, அப்பேரினத்தின் ஐந்து இனங்களின் நஞ்சைக் குதிரைகளுக்குச் செலுத்திப் பெறப்படுகிறது என்றும், அந்த ஐந்தில் இந்தப் பாம்பு இல்லை என்றும் அறிந்தபோது கவலையாக இருந்தது. அங்கே கடிபட்ட குடியானவருக்கு அந்தச் சீரம் பயன்படுமா?

கருவேலமுள்:
சீரத்தைப் பற்றி அறிந்தவர்கள் சொல்லட்டும். பாம்பைப் பற்றி நான் சொல்கிறேன். 1923இல் பிரேசிலின் பாம்பியல் அறிஞர் அமரால் இதனைத் தனி இனமாக விவரித்தார். ஊர்மக்கள் ‘ஜரராக்கா டா செக்கா’, அதாவது வறட்சியின் ஜரராக்கா என்கிறார்கள். வளர்ந்த பாம்பே அரை மீட்டர் அளவில்தான் இருக்கும். பூரான், தவளை, பல்லி, எலி என்று கிடைப்பதைத் தின்னும், குட்டி போடும். இலையுதிர்ந்த கோடையில் வெளுத்த கிளைகள் மட்டுமே நிற்பதால் அங்குள்ள பழங்குடியினரின் டூப்பி மொழியில் அந்நிலத்துக்கு ‘வெள்ளைக் காடு’ என்று பெயர். அந்தச் சருகில் இதன் செம்பழுப்பு உடல் எளிதில் கண்ணுக்குப் படாது.

வார்டு செவிலி:
பயன்படும், ஐயா. இந்த நஞ்சு இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான புரோத்ராம்பினையும் பத்தாம் உறைவுக் காரணியையும் தூண்டி இரத்தத்தை நாளங்களுக்குள்ளேயே உறையச் செய்கிறது; அதில் உறைகட்டிக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் தீர்ந்துபோவதால், பிறகு உறைய வேண்டிய இடத்தில் இரத்தம் உறைவதில்லை. இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள்; நலமாக இருப்பவரின் இரத்தம் கட்டியாக அடியில் ஒட்டி நிற்கும், நஞ்சேறியவருடையது தண்ணீராக ஓடும். சீரத்துக்கான நஞ்சுக் கலவையில் பாதி ஜரராக்கா என்ற மற்றொரு போத்ராப்ஸ் இனத்துடையது, மறுபாதி அதன் உறவினங்கள் நான்கினுடையது. நெருங்கிய உறவு என்பதால், அந்தச் சீரம் காட்டிங்காப் பாம்பின் நஞ்சிலுள்ள பெரும்பாலான புரதங்களையும் பற்றிக்கொள்கிறது. சிலவற்றை மட்டும் சற்றுக் குறைவாகவே பற்றுகிறது. கடிபட்ட காலில் கயிறு கட்டாமல் விரைவாக மருத்துவமனை சேர்வதே முக்கியம்.

பனங்காடு:
மிக்க நன்றி, அம்மா. அப்படியென்றால் நம் இந்தியச் சீரமும் இங்குள்ள குழிவிரியன்களுக்குப் பயன்படுமா?

வார்டு செவிலி:
அந்த உறவு இங்கே இல்லை. நம் சீரம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிலிருந்து செய்யப்படுகிறது. இவற்றில் ஒன்றுகூடக் குழிவிரியன் இல்லை. அதனால் கேரளத்திலும் இலங்கையிலும், மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் கடித்தவருக்கு இந்தச் சீரம் நஞ்சை முறிப்பதில்லை. அவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போகிறது.