மொத்த ஃபுளோட் −12 என்று காட்டுகிறது. வெள்ளிக்கிழமை அறிக்கை, அவசரம்

ஹட்டன்பனி | செவ்வாய், இரவு 9.40
வணக்கம். அட்டவணை போட்டு முடித்துவிட்டேன், வேலைகளுக்கிடையே இணைப்பும் கொடுத்துவிட்டேன். இப்போது மொத்த ஃபுளோட் −12 என்று நிற்கிறது. ஃபுளோட் எப்படிக் கழித்தலில் வரும்? கிரிட்டிக்கல் பாத், பேஸ்லைன், மைல்ஸ்டோன் எல்லாவற்றையும் விளக்கத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். பணம் தருபவர்கள் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நானுஓயா ரயில் | 9.52
என்ன வேலை? என்ன மென்பொருள்? எப்போது முடிய வேண்டும்? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

பதுளைப்பக்கம் | 9.58
மலையின் எந்தப் பக்கம் என்று முதலில் சொல்லுங்கள். ஹட்டன் பக்கம் என்றால் மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை. எங்கள் பக்கம் என்றால் டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ். மழையைக் கணக்கில் எடுக்காத அட்டவணை எதுவும் கழித்தலில்தான் போகும்.

ஹட்டன்பனி | 10.05
தண்ணீர்த் திட்டம். மைக்ரோசொஃப்ட் புரொஜெக்ட். நான் தம்பி இல்லை.

கட்டமிட்ட சட்டை | 10.11
அந்த மென்பொருளே வேண்டாம். எக்செல்லில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டுங்கள். பதினைந்து வருடமாக நான் அப்படித்தான் செய்கிறேன். எனக்கு ஒரு நாளும் கழித்தல் வந்ததில்லை.

நானுஓயா ரயில் | 10.14
நிறம் தீட்டினால் கழித்தல் வராதுதான் அண்ணா. கூட்டலும் வராது.

மூத்தமுகாமையாளர் | 10.30
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. அடிப்படை தெரியாமல் மென்பொருளைத் திறந்தால் இப்படித்தான். கிரிட்டிக்கல் பாத் முறையை 1957இல் டூபாண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. திட்டத்தின் கால அளவை மதிப்பிடும் பெர்ட் முறை 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்தது. இந்த வரலாற்றைப் படித்துவிட்டு வந்து கேட்டால் பதில் சொல்பவர்களுக்கும் மரியாதையாக இருக்கும்.

லயத்துப்பிள்ளை | 10.41
சேர், அவருக்கு வெள்ளிக்கிழமை அறிக்கை. போலாரிஸ் பிறகு பறக்கட்டும்.

தங்கச்சி, ஃபுளோட் என்பது முடிவுத் திகதி அசையாமல் ஒரு வேலை எத்தனை நாள் வரை பிந்தலாம் என்ற தளர்வு. அது கழித்தலில் வந்தால் முடிவுத் திகதியை நீங்களே எங்கோ கட்டிப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். வேலைகளின் கூட்டு நீளம் அந்தத் திகதியைத் தாண்டி 12 வேலை நாள் போகிறது. கணினி பிழை செய்யவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறது. ஒப்படைப்பு வரிசையில் கட்டாயத் திகதி ஏதும் போட்டீர்களா?

ஹட்டன்பனி | 10.48
ஆம். ஏப்ரல் 30. கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

கட்டமிட்ட சட்டை | 10.50
அதை அழித்துவிடுங்கள். கழித்தல் போய்விடும்.

லயத்துப்பிள்ளை | 10.53
அழித்தால் −12 மறையும், 12 நாள் மறையாது. தொடாதீர்கள். வேலைப் பட்டியலை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

ஹட்டன்பனி | 11.20
தோட்டத்து முகாமையாளர் துரையின் அனுமதிக் கடிதம் 3 நாள். ஊற்றிலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் வரை குழாய் புதைக்கக் கான் வெட்டுதல் 6 நாள். குழாய் போடுதல் 13. இன்னொரு பக்கம் தாங்கிக்குக் கம்பி, பலகை, கொங்கிரீட் 9. பிறகு கொங்கிரீட் இறுக 28 நாள் காத்திருப்பு. தாங்கியில் நீர் நிரப்பிச் சோதனை 3. இரண்டையும் இணைத்தல் 2. ஒப்படைப்பு. தாங்கிப் பாதையில்தான் −12. கானுக்கு 9 நாள் தளர்வு இருக்கிறது. கட்டுமானத்துக்கு நான் புதிது, சமூகப் பணிக்குத்தான் எடுத்தார்கள்.

நானுஓயா ரயில் | புதன், காலை 6.15
அந்த 28ஐ எப்படிக் கொடுத்தீர்கள்? வேலை நாளாகவா, நாட்காட்டி நாளாகவா? திங்கள் முதல் வெள்ளி வரை என்ற நாட்காட்டியில் 28 வேலை நாள் என்றால் ஐந்து வாரமும் மூன்று நாளும். கொங்கிரீட் கேட்பது நான்கே வாரம். சீமெந்து சனி ஞாயிறும் இறுகும், போயா (பௌர்ணமி) தினத்துக்கும் விடுமுறை எடுக்காது. அந்த இடைவெளியை நாட்காட்டி நாளாக மாற்றுங்கள். 8 வேலை நாள் திரும்பக் கிடைக்கும்.

மூத்தமுகாமையாளர் | 7.02
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

லயத்துப்பிள்ளை | 7.04
எங்கே சொன்னீர்கள் சேர்?

சொல்லாய்வு | 8.20
இடையில் ஒரு வேண்டுகோள். விளக்கத்தைத் தமிழில் எழுதுவதாக இருந்தால் கிரிட்டிக்கல் பாத் என்பதை 'நெருக்கடிப் பாதை' என்று எழுதாதீர்கள். படிப்பவர்கள் ஏதோ ஆபத்து என்று நினைக்கிறார்கள். அதில் நெருக்கடி ஒன்றுமில்லை, எல்லாப் பாதைகளிலும் நீளமான பாதை, அவ்வளவுதான். தளர்வில்லாப் பாதை என்றால் ஒருவருக்கும் குழப்பம் வராது. ஃபுளோட்டுக்கு 'மிதவை' என்று ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். ஆற்றில் போவதா அது?

கட்டமிட்ட சட்டை | 8.31
பேஸ்லைனை 'அடிக்கோடு' என்று எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் போட வேண்டும் போலிருக்கிறது.

சொல்லாய்வு | 8.40
அங்கீகரித்த முதல் திட்டத்தின் நகல் அது. வேலை பிந்தும்போதெல்லாம் அதையும் இழுத்து மாற்றினால், பிந்தியதே இல்லை என்று அறிக்கை சொல்லும். பலர் தெரிந்தே அப்படிச் செய்கிறார்கள்.

மூத்தமுகாமையாளர் | 9.10
புரொஜெக்ட் என்பதைக் 'கருத்திட்டம்' என்றே எழுத வேண்டும். அரச ஆவணங்களில் அதுதான் வழக்கு. 'திட்டம்' என்றால் பிளான். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இந்தத் தலைமுறைக்கு எதுவும் புரிவதில்லை.

சொல்லாய்வு | 9.22
நாங்கள் படித்த பாடத்தில் 'செயற்றிட்டம்'. தமிழ்நாட்டில் போய் முகாமைத்துவம் என்று சொல்லிப் பாருங்கள், திரும்பிப் பார்ப்பார்கள், அங்கே மேலாண்மை. எது வழக்கு என்று தீர்மானிப்பது யார்?

மூத்தமுகாமையாளர் | 9.25
நான் 27 வருடம் கருத்திட்டங்களில் வேலை செய்தவன்.

லயத்துப்பிள்ளை | 9.31
எத்தனை திகதிக்குள் முடிந்தன என்று கேட்டால் கோபிப்பீர்கள்.

பத்தாம் நம்பர் மலை | மதியம் 12.45
உணவு இடைவேளையில் பார்த்தேன். மகளே, ஒரு கேள்வி. கான் வெட்டுவது யார்? கூலிக்கு ஆள் வைக்கிறீர்களா, சிரமதானமா?

ஹட்டன்பனி | 12.58
சிரமதானம். திட்டத்தில் சமூகப் பங்களிப்பு என்று இருக்கிறது.

பத்தாம் நம்பர் மலை | 1.10
அப்படியானால் உங்கள் 6 நாள் 6 நாள் இல்லை. வார நாளில் எங்கள் சனம் மலையில் கொழுந்து எடுக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் கான் வெட்ட வந்தால் அன்றைக்குப் பெயர் விழாது, சம்பளத்தில் அடி. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். ஆறு நாள் என்றால் ஆறு ஞாயிறு. உங்கள் நாட்காட்டியிலோ ஞாயிறு விடுமுறை. அதாவது அவர்கள் வேலை செய்யும் நாளில் கணினி உறங்குகிறது, கணினி வேலை செய்யும் நாளில் அவர்கள் மலையில் இருக்கிறார்கள்.

எங்கள் டிவிசனிலும் ஒரு முறை இப்படி ஆனது. தாங்கி அழகாகக் கட்டி நின்றது, கான் பாதிதான். நடுவில் மழை வந்து வெட்டிய கானும் மண் சரிந்து மூடிக்கொண்டது. ஆறு மாதம் அந்தத் தாங்கியில் தவளைதான் குடியிருந்தது.

பதுளைப்பக்கம் | 1.15
மழை என்று நான் நேற்றே சொன்னேன்.

நானுஓயா ரயில் | 1.32
அக்கா சொன்னதுதான் முக்கியம். ஞாயிறு மட்டும் வேலை நாளாக ஒரு தனி நாட்காட்டி செய்து, கான் வேலைக்கு மட்டும் அதைப் பொருத்துங்கள். பிறகு என்ன எண் வருகிறது என்று சொல்லுங்கள்.

பதுளை அண்ணனுக்காக: மழை வரலாம் என்பது இடர். அதற்கு இப்போதே எழுத வேண்டியது, ஒவ்வொரு ஞாயிறும் வெட்டிய அளவுக்கு உடனே குழாய் போட்டு மூடுவது. மழை வந்து கான் சரிந்துவிட்டால் அது பிரச்சினை. வேறு பட்டியல், யார் எப்போது சரிசெய்வது என்ற பெயரோடு. மைல்கல் (மைல்ஸ்டோன்) என்பது ஒரு கட்டம் முடிந்தது என்ற அடையாளம், அதற்குக் கால அளவு பூச்சியம். 'தாங்கி கட்டுதல்' மைல்கல் ஆகாது, 'தாங்கி நீர்ச் சோதனையில் தேறியது' என்பது ஆகும்.

ஹட்டன்பனி | இரவு 8.50
28ஐ மாற்றினேன், தாங்கி −4. ஞாயிற்று நாட்காட்டி போட்டதும் கான் −15. அழ வேண்டும் போலிருக்கிறது.

லயத்துப்பிள்ளை | 9.03
அழாதீர்கள். உங்கள் பாதை இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இதுவரை தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நீளமான பாதை கானில் இருந்தது. இனி மேசன்மாருக்கு எத்தனை பணம் கூட்டிக் கொடுத்தாலும் முடிவு முன்னே வராது.

பத்தாம் நம்பர் மலை | 9.20
எத்தனை லயம் இருக்கிறது? மேல் லயத்துச் சனம் ஊற்றுப் பக்கத்திலிருந்தும் கீழ் லயத்துச் சனம் வீட்டுப் பக்கத்திலிருந்தும் ஒரே ஞாயிறு வெட்டினால் மூன்று ஞாயிறில் முடியும். தலைவர்மாரிடம் தனித்தனியாகப் போய்ப் பேசுங்கள், ஒன்றாகக் கூப்பிட்டால் யார் முதலில் என்று சண்டை வரும். தேநீரும் ரொட்டியும் செலவில் எழுதிவிடுங்கள்.

நானுஓயா ரயில் | 9.34
மூன்று ஞாயிறு குறைந்தால் 15 வேலை நாள். கான் பூச்சியத்துக்கு வரும். மிச்சம் தாங்கியின் −4. அதை ஒளிக்க வேண்டாம். புத்தாண்டு வாரத்தில் மேசன்மார் எப்படியும் ஊருக்குப் போவார்கள். நான்கு நாள் நீட்டிப்பு வேண்டும் என்று காரணத்தோடு இப்போதே கேளுங்கள். ஏப்ரல் 29ஆம் திகதி கேட்டால் முகம் கறுக்கும்.

மூத்தமுகாமையாளர் | 9.50
செயற்றிட்டம் என்ற சொல்லின் வேர் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஹட்டன்பனி | சனி, காலை 10.12
அனுப்பிவிட்டேன். இரண்டு லயமும் சம்மதம். −4 என்றே எழுதினேன், மே முதல் வாரம் வரை தருகிறார்கள். எல்லோருக்கும் நன்றி, அக்காவுக்கு விசேடமாக.

பத்தாம் நம்பர் மலை | சனி, இரவு 7.30
சந்தோசம் மகளே. துரையின் கடிதம் கையில் வந்துவிட்டதா? மூன்று நாள் என்று போட்டிருந்தீர்கள்.