'வள ஏற்பாடு': ஒரு சொல் பரிந்துரை

> ஊராட்சிக் குடிநீர்த் திட்டங்கள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'மானிட்டரிங் அண்ட் எவாலுவேஷன்' என்பதைக் 'கண்காணிப்பும் மதிப்பீடும்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கான 'ரிசோர்சிங்' என்று வரும் இடத்தில் 'நிதி ஒதுக்கீடு' போதுமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

'நிதி ஒதுக்கீடு' போதாது. ஜல் ஜீவன் திட்டத்தையே பாருங்கள். 2019-இல் அறிவித்தபோது ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பு, தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள். நீரின் தரத்தைக் கண்காணிக்க நிதியில் 2 சதவீதம் வரை செலவிட வழிகாட்டு நெறிமுறை இடம் தருகிறது. ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரவும் சொல்கிறது.

இனி அந்தச் சோதனைக்கு என்னென்ன வேண்டும் என்று யோசியுங்கள். தெருக்கோடிக் குழாயில் சிறு குப்பியில் நீர் பிடித்து, சில சொட்டு கரைசல் விட்டு, எழும் மஞ்சள் நிறத்தை நிறப்பட்டையோடு ஒப்பிடுகிறார்கள். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சில நிமிட வேலைதான். ஆனால் கரைசல் காலாவதியாகும் முன் புதியது வர வேண்டும். சோதிக்கும் பெண் அன்றைய கூலியை இழக்கக் கூடாது. அவர் குறித்ததைப் படித்துவிட்டு, "கடைசித் தெருவுக்குக் குளோரின் எட்டவில்லை" என்று தொட்டி இயக்குபவரிடம் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாவிட்டால் குறிப்பேடு நிரம்பும், தண்ணீர் அப்படியே இருக்கும். பணம், ஆள், பொருள், நேரம் நான்கையும் ஒரே சொல் தாங்க வேண்டும்.

எனவே 'வள ஏற்பாடு' என்று பரிந்துரைக்கிறேன். 'ரிசோர்சிங்' என்பதற்கு இங்கே முன்பு ஒருவர் சொன்ன 'வளமூட்டல்' வயலுக்கு உரமிடுவதையே நினைவூட்டுகிறது. 'கல்யாண ஏற்பாடு' என்றால் பணம் மட்டும் என்று யாரும் எண்ணுவதில்லை. அந்த விரிவு நமக்கு இங்கே உதவும்.

அப்புறம், 'மதிப்பீடு' எனக்கு உறுத்துகிறது. ஊராட்சியில் 'திட்ட மதிப்பீடு' என்றாலே பொறியாளர் போடும் செலவுக் கணக்குதான். பணி நடக்கும் இடத்துப் பலகையிலும் அந்தப் பொருளில்தான் நிற்கிறது. 'பயனாய்வு' என்று வைக்கலாமா?

> 'பயனாய்வு' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு ஆவணங்களில் 'மதிப்பீடு' வேரூன்றிவிட்டது. அதை விட்டால் கையேட்டைப் படிக்கும் அலுவலர் தடுமாறுவார்.

சரி, அது நியாயமான தடை. 'பயன் மதிப்பீடு' என்று இரண்டையும் சேர்த்துவிடலாம். 'பயன்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடிநீரில் மிகுந்து பல்லைக் கறையாக்கும் புளோரைடின் பாதிப்பைக் குறைக்க வந்தது. காவிரி நீர் தொட்டிக்கு வந்ததா, எத்தனை மணி நேரம் வந்தது என்று பார்ப்பது கண்காணிப்பு. குழந்தைகளின் பல்லில் கறை குறைந்ததா என்று பார்ப்பது பயன் மதிப்பீடு. பின்னதற்குப் பல ஆண்டுகள் ஆகும். குழாய் பதித்துக் கணக்கு முடித்ததும் இதற்கான ஏற்பாட்டையும் முடித்துவிட்டால், கேள்வியைக் கேட்கவே ஆள் இருக்க மாட்டார். கையேட்டின் அந்த அத்தியாயம் பேசுவது இதைத்தான் என்றால், தலைப்பிலேயே அது தெரிய வேண்டும்: 'கண்காணிப்புக்கும் பயன் மதிப்பீட்டுக்குமான வள ஏற்பாடு'. நீளம்தான். கிராம சபையில் வாசித்தால் புரியும் என்பதால் நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதே கையேட்டில் 'பேஸ்லைன்' வந்தால் 'அடிக்கோடு' என்று எழுதிவிட வேண்டாம். குழாய் வருவதற்கு முன் கிணற்று நீரில் புளோரைடு எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்லும் கணக்கு அது. 'தொடக்க நிலை அளவீடு' பொருந்தும். அதற்கும் வள ஏற்பாடு வேண்டும், அதுவும் பணி தொடங்கும் முன்பே. வேறு நல்ல சொல் இருந்தால் நண்பர்கள் சொல்லுங்கள்.