மறு: 'ஸ்லாக் கீ' கிட்டாருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கேள்வி கேட்டுவிட்டு நான்கு நாள் வெளியூர் போய்விட்டேன், திரும்பி வந்து பார்த்தால் இத்தனை மடல்கள். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதினால் இழை சிதறிவிடும், அதனால் ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. ஹவாய்த் தீவுகளில் வரப்போகும் இசை, நடன விழாக்களின் நாட்காட்டியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஈஸ்டர் ஞாயிறில் தொடங்கி அந்த வாரம் முழுக்க ஹீலோ நகரில் நடக்கும் மெர்ரி மோனார்க் விழா, மே 1 அன்று லெய் மாலை நாள், ஜூன் 11 கமேஹமேஹா அரசர் நாள், ஜூலையில் இளவரசர் லோட் ஹூலா நடன விழா, செப்டம்பரில் அலோஹா விழாக்கள், இவற்றுக்கு நடுவே தீவுக்குத் தீவு கிட்டார் கச்சேரிகள். ஹூலா, உகுலேலே (நான்கு தந்திக் குட்டிக் கிட்டார்), லெய் என்ற சொற்கள் எல்லாம் அப்படியே நிற்கட்டும், அதில் யாருக்கும் சிக்கல் இல்லை. கை நின்றுபோன இடம் 'ஸ்லாக் கீ' மட்டும்தான்.

ஏன் நின்றது என்றால், நம் ஊரில் 'ஹவாயன் கிட்டார்' என்று சொன்னால் எல்லாருக்கும் நினைவு வருவது மடியில் படுக்கவைத்து, தந்தி மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் கருவி. மெல்லிசைக் குழுக்களில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கேயே பலர் இருப்பீர்கள். அது ஸ்டீல் கிட்டார், ஜோசப் கெகூகூ என்ற பள்ளிச் சிறுவன் 1880களின் கடைசியில் உருவாக்கிய முறை. ஸ்லாக் கீ அது இல்லை. சாதாரண கிட்டாரை நிமிர்த்திப் பிடித்து விரலால் மீட்டுவதுதான், சுருதி சேர்ப்பதில்தான் வித்தியாசம். இரண்டையும் 'ஹவாய் கிட்டார்' என்று எழுதிவிட்டால் கச்சேரிக்குப் போகிறவர் ஒன்றை எதிர்பார்த்து இன்னொன்றைக் கேட்டுவிட்டு வருவார். அதனால் தனிச்சொல் வேண்டும்.

சரி, அந்தச் சுருதி எப்படி என்று பார்த்துவிடலாம், சொல் அதிலிருந்துதான் வரவேண்டும். வழக்கமான கிட்டாரில் தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை, மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில், இ, ஏ, டி, ஜி, பி, இ என்று ஆறு. மெல்லியதை முதல் தந்தியாக எண்ணுவது வழக்கம். இதில் ஆறாவது, ஐந்தாவது, முதல் தந்தி மூன்றையும் ஒவ்வொரு கட்டை (ஒரு முழு ஸ்வர அளவு) இறக்குங்கள், நடுவில் உள்ள மூன்றைத் தொடவே வேண்டாம். இப்போது டி, ஜி, டி, ஜி, பி, டி. ஜியை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ப, ஸ, ப, ஸ, க, ப. எங்கேயும் இடது கை விரலை வைக்காமல் சும்மா மீட்டினாலே ஸ-க-ப நிறைந்து ஒலிக்கிறது. நேற்று இரவு என் பழைய கிட்டாரில் செய்து பார்த்தேன். ஐந்தாவது தந்தியை இறக்கும்போது பாதி வழியில் மெட்டின் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பியின்) மேல் உரசி ஒரு கரகரப்பு வந்தது, அப்புறம் சட்டென்று மற்ற தந்திகளோடு சேர்ந்துகொண்டது. கட்டைவிரல் கீழ்ஸ்தாயியில் ப-ஸ, ப-ஸ என்று நடந்துகொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மேலே பாட்டை வாசிக்கும். ஒரே ஆள், இரண்டு பேர் வாசிப்பதுபோல.

இது எப்படி வந்தது என்பதும் சொல்லுக்குத் தேவை. 1793இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் வான்கூவர் ஹவாய் அரசர் முதலாம் கமேஹமேஹாவுக்கு மாடுகளைக் கொடுத்தார், அவற்றைக் கொல்லக்கூடாது என்று தடை இருந்ததால் பெருகிக் காட்டு மந்தையாகிவிட்டன. 1830களில், மூன்றாம் கமேஹமேஹா காலத்தில், அவற்றை மேய்த்துப் பிடிக்க மெக்சிக்கோ பக்கத்திலிருந்து மாட்டுக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களோடு கிட்டார் வந்தது. அவர்கள் பேசிய எஸ்பான்யோலின், அதாவது ஸ்பானிய மொழியின், பெயரே திரிந்து ஹவாய் மாட்டுக்காரர்களுக்குப் 'பனியோலோ' என்று ஆகிவிட்டது. கிட்டாரைக் கையில் வாங்கிய ஹவாய்க்காரர்கள் தங்கள் பாட்டுக்கும் குரலுக்கும் ஏற்றபடி தந்திகளை இளக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் சுருதியை வெளியே சொல்லாமல் பாதுகாத்து வந்தது. கேபி பஹினுயி என்ற கிட்டார் கலைஞர் 1940களில் இசைத்தட்டில் பதிந்த பிறகுதான் அது வீட்டு முற்றத்தைத் தாண்டி வெளியே வந்தது.

இனி உங்கள் பரிந்துரைகள்.

> தளர்விசைக் கிட்டார். ஸ்லாக் = தளர், கீ = விசை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க இருக்கிறது. விசை என்று நாம் சொல்வது விசைப்பலகையில் அழுத்துகிற விசை. இங்கே கீ என்பது கிட்டாரின் தலையில் இருக்கும் முறுக்காணி, வீணைக்காரர்கள் சொல்லும் பிருடை. அழுத்துவதில்லை, திருகுவது. ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் அகராதியில் முதலில் கிடப்பதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். 'தளர்ந்த சாவி' என்று அச்சில் பார்த்த அனுபவமும் எனக்கு உண்டு.

> நரம்பு என்பது யாழ்க்காலத்துச் சொல். தளர்நரம்புக் கிட்டார் என்றால் அழகாக இருக்கும்.

ஐயா, நரம்பு எனக்கும் மிகவும் பிடித்த சொல். ஆனால் பக்கத்தில் தளர் வந்தவுடன் சுவரில் ஒட்டியிருக்கும் நரம்புத் தளர்ச்சி விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது. அகராதிப் பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, காதில் விழுந்ததும் எதை இழுத்துக்கொண்டு வருகிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். நல்ல சொல் இரண்டு, சேர்த்தால் கெட்டுவிட்டது.

> இறக்குசுருதி. பாடகர்கள் தினமும் சொல்வதுதானே, 'சுருதியை அரைக்கட்டை இறக்கு' என்று.

இதுதான் என்னை நிறைய நேரம் யோசிக்கவைத்தது. புழங்கும் சொல், யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் அதுவே தடையாகவும் இருக்கிறது. சுருதியை இறக்கு என்றால் மொத்தமாக எல்லாவற்றையும் ஒரே அளவில் இறக்குவது, 5 கட்டையில் பாடியவர் நாலரைக்கு வருவது. கிட்டாரிலும் ஆறு தந்திகளையும் ஒரேபோல இறக்கி வாசிப்பவர்கள் உண்டு, அது வேறு. இங்கே சில தந்திகள் இறங்குகின்றன, சில நிற்கின்றன, தந்திகளுக்குள் இருந்த உறவே மாறுகிறது. ஆகவே சொல்லில் சுருதியைவிடத் தந்தி இருப்பது நல்லது.

> ஸ்லாக் கீ என்றே எழுதுங்களேன். அவர்களே அப்படித்தானே சொல்கிறார்கள்?

அவர்கள் சொல்வது அது மட்டும் இல்லை, தம்பி. ஹவாய் மொழியில் இதன் பெயர் 'கீ ஹோஅலு'. கீ ஆங்கிலத்திலிருந்து வாங்கியது, ஹோஅலு அவர்கள் சொந்தச் சொல். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், என் முடிவு இங்கேதான் இருக்கிறது. 'அலு' என்றால் தளர்ந்திருப்பது. முன்னால் வரும் 'ஹோ', ஒரு செயலைச் செய்யவைப்பதைக் குறிக்கும் முன்னொட்டு. அதாவது நம் இலக்கணத்தில் பிறவினை. தளர்வது இல்லை, தளர்த்துவது. திருந்து-திருத்து, ஆடு-ஆட்டு, இளகு-இளக்கு என்று நாம் முடிவில் மாற்றிச் செய்வதை அவர்கள் முன்னால் ஒட்டிச் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் இது தொலைந்துபோய், ஏதோ தானாகத் தொய்ந்துகிடக்கும் தந்தி போல ஆகிவிட்டது. தமிழில் தன்வினையும் பிறவினையும் தனித்தனியாக இருக்கும்போது நாம் ஏன் ஆங்கிலத்தின் வழியாகப் போகவேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹவாய்க்காரர்களுக்குச் சொல்லாக்கம் பொழுதுபோக்கு இல்லை. 1893இல் அவர்கள் அரசி ஆட்சியிலிருந்து கவிழ்க்கப்பட்டார், 1896இல் வந்த சட்டத்தோடு பள்ளியில் ஹவாய் மொழியில் பாடம் நடத்துவதே நின்றுபோனது. 1978இல்தான் அது மறுபடி ஆட்சிமொழி ஆனது. 1980களில் மழலையர் பள்ளிகளை அவர்கள் மொழியிலேயே தொடங்கியபோது அறிவியலுக்கும் கணக்குக்கும் சொல் இல்லை, குழு வைத்து உட்கார்ந்து உருவாக்கினார்கள். மின்னஞ்சலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'லேகா உவிலா'. உவிலா என்றால் மின்னல், லேகா என்றால் கடிதம். வானத்தில் வெட்டும் மின்னலின் பெயரையே கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கும் வைத்து, அதைக் கடிதத்தோடு சேர்த்திருக்கிறார்கள். நாம் மின்னஞ்சல் என்று செய்ததும் அச்சு அசலாக இதே வேலைதான். நாம் செய்வதையே செய்துகொண்டிருக்கும் ஒரு மொழியின் சொல்லை ஆங்கிலத்தின் எச்சத்திலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு: இளக்குதந்தி. கருவியைச் சொல்லும்போது இளக்குதந்திக் கிட்டார்.

இது நான் அறையில் உட்கார்ந்து செய்த சொல் இல்லை. என் சித்தி வீட்டில் வீணை சொல்லிக்கொடுப்பார். மாணவிகள் தந்தியை ஏற்றிக்கொண்டே போகும்போது, 'போதும் போதும், இளக்கு, அறுந்துடும்' என்பார். வெளியூர் எடுத்துப் போவதற்கு முன், உறையில் போடும்போது, 'தந்திய கொஞ்சம் இளக்கி வை' என்பார். பிருடையை இரண்டு விரலால் பிடித்து, உள்ளே அழுத்திக்கொண்டே, மயிரிழை மயிரிழையாகத் திருப்புவதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கையால் வேண்டுமென்றே செய்வது, அளவோடு செய்வது என்ற பொருள் இளக்குவதில் தானாகவே இருக்கிறது. தளர்த்துவதில் அவிழ்த்துவிடும் சாயல் வந்துவிடுகிறது. அப்புறம், இளக்கம் என்றால் மென்மையும்தான். இந்த இசையின் குணத்தைச் சொல்ல ஹவாயில் 'நஹெநஹெ' என்பார்கள், மென்மையும் இனிமையும் கலந்தது. மனம் இளகுகிறது என்று நாம் சொல்வதற்கும் அதற்கும் தூரம் இல்லை.

> இளக்குத்தந்தி என்று வலி மிகவேண்டாமா?

வேண்டாம் அம்மா. இளக்கிய தந்தி, இளக்குகிற தந்தி, இளக்கும் தந்தி என மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது, ஊறுகாய், சுடுசோறு போல. வினைத்தொகையில் வலி மிகாது. அதன் பின்னால் கிட்டார் சேரும்போது மட்டும் க் வரும்.

உடன் வரும் சொற்களையும் இதிலேயே முடித்துவிடலாம். மேலே நான் சொன்ன ப-ஸ-ப-ஸ-க-ப சுருதிக்கு ஆங்கிலத்தில் டாரோ பேட்ச் என்று பெயர். டாரோ நம் சேம்புதான், சேப்பங்கிழங்கு. அங்கே அதைத் தண்ணீர் கட்டிய பாத்திகளில் நெல்லைப்போல வளர்க்கிறார்கள், அதனால் தோட்டம் என்று சொல்லாமல் சேம்புவயல் சுருதி என்கிறேன். அதில் மூன்றாவது தந்தியை மட்டும் இன்னும் அரைக்கட்டை இளக்கினால் ப-ஸ-ப-நி-க-ப, காகலி நிஷாதம், அதாவது ஸவுக்கு அரைக்கட்டை கீழே உள்ள நி, வந்து உட்காரும். அந்த நியை மீட்டிவிட்டு, ஒலி அடங்குவதற்குள் முதல் மெட்டில் விரலைத் தட்டி ஸவுக்கு ஏறுவார்கள். அந்த ஓர் அசைவு கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். காகலி நிஷாதம் வரும் இந்த வகைச் சுருதிகளுக்கு 'வஹினே' என்று பெயர், பெண் என்று பொருள். பெண்சுருதி என்றால் நம்மிடம் பெண்கள் பாடும் கட்டை என்று ஆகிவிடும், ஆகவே வஹினே சுருதி என்றே விடுகிறேன். எல்லாவற்றையும் பெயர்த்தே ஆகவேண்டும் என்பதில்லை.

ஸ்டீல் கிட்டாருக்கு ஒருவர் எஃகுக் கிட்டார் என்று எழுதியிருந்தார். கிட்டாரே எஃகால் செய்தது என்று படும். வழுக்கும் துண்டுதான் இரும்பு. நம்மிடம் கோட்டுவாத்தியம் இருக்கிறது, மெட்டு இல்லாமல், கோடு எனும் துண்டைத் தந்தி மேல் வழுக்கி வாசிப்பது. செயல் ஒன்றேதான், ஆகவே கோட்டுக் கிட்டார். இந்தக் கருவிக்கு இந்தியாவோடு நேரடி உறவும் உண்டு. ஹவாய் இசைக்கலைஞர்களான டாவ் மோ குடும்பத்தினர் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார்கள், கற்றும் கொடுத்தார்கள். பிற்பாடு இந்துஸ்தானி இசையில் இது கச்சேரிக் கருவியாகவே வளர்ந்துவிட்டது.

ஹூலாவில் இரண்டு வகை. 'கஹிகோ' பழைய முறை, ஓதலும் தாளக்கருவியும். 'அவுவானா' பின்னால் வந்தது, கிட்டாரும் உகுலேலேயும் பாட்டும் சேர்ந்தது. கஹிகோ என்றால் தொன்மையானது, தொல்ஹூலா எனலாம். அவுவானா என்றால் அலைந்து திரிவது, அதற்கு உலாஹூலா என்று எழுதிப் பார்த்தேன், நாக்குக்கும் இதமாக இருக்கிறது. இதற்கு மட்டும் உங்கள் கருத்து வேண்டும். பழைய தமிழில் உலா ஒரு சிற்றிலக்கிய வகை, அது குறுக்கே வருமா?

நாட்காட்டியில் ஹீலோ பக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

"விழா ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கும். போட்டிகள் எடித் கனகாவோலே அரங்கில், வியாழன் முதல் சனி வரை. வெள்ளி இரவு தொல்ஹூலா, சனி இரவு உலாஹூலா. ஹவாய்க்குப் போகிறவர்கள் இளக்குதந்திக் கிட்டார் கச்சேரி ஒன்றையும் கேட்டுவிட்டு வரவும். இசை மென்மையானது, முன்வரிசையில் உட்காரவும்."

ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கிறேன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், இல்லையென்றால் இளக்குதந்தியும் கோட்டுக் கிட்டாரும் சேம்புவயல் சுருதியும் அப்படியே போகும். உலாஹூலாவை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன்.

அன்புடன்.