புதிய கடல்நீர்த் தொட்டியில் லான்மோவர் பிளென்னியை எப்போது விடலாம்?

கேள்வி: அடையாறு_நீர்

அனைவருக்கும் வணக்கம். நன்னீர் மீன்களைப் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் நான், இப்போது முதன்முறையாக வீட்டில் கடல்நீர்ப் பவளத் தொட்டி ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். தொட்டியின் அளவு 90 × 45 × 45 செ.மீ., கொள்ளளவு ஏறத்தாழ 180 லிட்டர். உலர்ந்த செயற்கைப் பாறைகளை அடுக்கி, வீட்டு ஆர்ஓ நீரில் உப்புக் கலவையைக் கரைத்து நிரப்பி ஒரு மாதத்திற்கு மேலாகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்திற்கு வந்துவிட்டன. நைட்ரேட் லிட்டருக்கு 10 மி.கி. அளவில் உள்ளது. மீன் எதுவும் இன்னும் விடவில்லை.

இரண்டு வாரங்களாகப் பாறை, மணல், கண்ணாடி அனைத்தின் மீதும் பழுப்பு நிறப் படலம் படர்ந்துவருகிறது. துடைத்தாலும் மறுநாளே திரும்பிவிடுகிறது. கடைக்காரர் ஒரு லான்மோவர் பிளென்னியை விட்டால் எல்லாவற்றையும் மேய்ந்து சுத்தம் செய்துவிடும் என்கிறார். பாறைப் பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி, கண்களைத் தனித்தனியே சுழற்றிப் பார்க்கும் அந்த மீனைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அதன்மேல் பெரும் விருப்பம். முதல் மீனாக அதை விடுவது சரியா? கோடை நெருங்குவதால், சென்னை வெப்பத்தில் நீரை எப்படிக் காப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பவளத்திட்டு

வணக்கம் நண்பரே. மீனை வாங்குவதற்கு முன் கேட்டிருப்பது நல்லது. என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்: இப்போது அந்த மீனை விடாதீர்கள். உங்கள் தொட்டி அதைக் கொன்றுவிடும் அளவுக்கு நஞ்சாக இருப்பதால் அல்ல, அதற்கு அங்கே உண்ண எதுவும் இல்லை என்பதால்.

நீங்கள் சொல்லும் பழுப்புப் படலம் பெரும்பாலும் டயட்டமாக இருக்கும். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி அது; புதிய தொட்டிகளில் நீர், மணல், பாறை ஆகியவற்றிலிருந்து கசியும் சிலிக்கா தீரும்வரை வளர்ந்து, பிறகு தானாகவே மறையும். அதைப் போக்க ஒரு மீனை வாங்கினால், சில வாரங்களில் படலம் போய்விடும். மீன் மட்டும் பசியோடு நிற்கும். படலம் கண்ணை உறுத்தினால் ஐந்தாறு சிறு நத்தைகள் போதும்.

லான்மோவர் என்று கடைகளில் விற்கப்படுவது சலாரியாஸ் ஃபாசியாட்டஸ். செங்கடல் முதல் சமோவா வரை பரவியுள்ள இந்த மீன் 14 செ.மீ. வரை வளரும். இது சீப்புப்பல் பிளென்னிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உதட்டோரத்தில் நெருக்கமாக அமைந்த மெல்லிய பற்களால் பாறையை அழுத்திச் சுரண்டுவதால், நன்கு வாழும் தொட்டிகளின் கண்ணாடியில் அதன் உதட்டுத் தடங்கள் வரிசையாகப் பதிந்திருப்பதைக் காணலாம். அது உண்பது பாசி மட்டும் அன்று. குட்டையான பாசி இழைகளுக்கிடையே படியும் கரிமத் துகள்களும், அவற்றில் வாழும் நுண்ணுயிர்களும் அதன் உணவில் பெரும் பங்கு வகிக்கின்றன. அந்த மென்படலம் பல மாதங்கள் வயதான பாறையில்தான் அடர்த்தியாக உருவாகும். நீண்டு தொங்கும் முடிப்பாசியை அது பெரும்பாலும் விரும்புவதில்லை. சிவப்பு வழவழப்பாகப் படரும் சயனோபாக்டீரியாவைத் தொடுவதே இல்லை. ஆகவே புல்வெட்டும் எந்திரம் என்ற பெயரை நம்பி இதைத் துப்புரவுப் பணிக்கு அமர்த்துவது மீனுக்கு இழைக்கும் அநீதி.

இந்த மீன்கள் தொட்டிகளில் இறப்பதற்கு நோயைவிடப் பட்டினியே பெரிய காரணம் என்பது பல தொட்டிகளைப் பார்த்தபின் எனக்கு உறுதியான கருத்து. அந்தப் பட்டினி மெதுவாக நிகழ்வதால் வளர்ப்பவர் கவனிப்பதில்லை. மீன் நாள் முழுவதும் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும். "நன்றாகத்தான் மேய்கிறது" என்று நினைத்துக்கொண்டிருப்போம். கொத்துவதைப் பார்க்காதீர்கள், வயிற்றைப் பாருங்கள். நலமான பிளென்னியின் வயிறு மார்புத் துடுப்புக்குப் பின்னால் நன்றாகத் திரண்டிருக்கும். அங்கே குழி விழுந்து, முதுகுச் சதையும் மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தோன்றினால் அது ஏற்கெனவே நெடுநாள் பட்டினியில் இருக்கிறது. கடையிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். உங்கள் கண்முன் உணவு போடச் சொல்லி, அது உண்பதைப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

நானாக இருந்தால் ஆறு மாதமாவது காத்திருப்பேன். அதற்குள் கற்களில் குட்டையான பச்சைப் பாசியும் ஊதாநிறச் சுண்ணப்பாசியும் வந்துவிடும். ஒரு வாளியில் தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய உப்புநீரை நிரப்பி, சில கற்களைப் போட்டு, வெயில் படும் பால்கனியில் வைத்து, ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீர் ஊற்றிவாருங்கள். பாசி ஏறிய கல்லைத் தொட்டியில் வைப்பதும், மேய்ந்து முடித்த கல்லை வாளிக்குத் திருப்புவதுமாக மாற்றிக்கொண்டே இருக்கலாம். அத்துடன் நோரி எனப்படும் உலர்ந்த கடற்பாசித் தாளைப் பாறையோரம் கிளிப்பில் மாட்டவும், அடியில் அமிழும் ஸ்பைருலினாக் குருணையைப் போடவும் பழக்கப்படுத்த வேண்டும். சில மீன்கள் ஒரே வாரத்தில் நோரியை ஏற்றுக்கொள்ளும், சில மாதக்கணக்கில் திரும்பியும் பார்க்காது. அதனால்தான் பாறையில் உணவு இருப்பது கட்டாயம். பசித்த பிளென்னி சில நேரம் பவளங்களின் தசையையும் கொத்தத் தொடங்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி 2: உப்புக்காற்று

பவளத்திட்டு ஐயா மீனைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் நீரையும் வெப்பத்தையும் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் நம் ஊரில் தொட்டிகள் தோற்பது பெரும்பாலும் இவ்விரண்டிலேதான்.

குடிநீருக்காகப் பொருத்திய ஆர்ஓ கருவி கடல்நீர்த் தொட்டிக்குப் போதாது. வீட்டுக் கருவிகள் பலவற்றில் சுவைக்காகக் கனிமங்களை மீண்டும் சேர்க்கும் பகுதி இருக்கும். அது இல்லாவிட்டாலும் சிலிக்காவின் ஒரு பகுதி சவ்வைத் தாண்டி வந்துவிடும். சென்னையில் குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், லாரி நீர் என்று மூன்றும் ஒரே கீழ்த்தொட்டியில் கலக்கும் குடியிருப்புகளில் உள்ளே வரும் நீர் வாரத்துக்கு வாரம் மாறும். ஆர்ஓவுக்குப் பின், நீரில் எஞ்சும் அயனிகளை ஈர்த்துக்கொள்ளும் டிஐ ரெசின் குப்பி ஒன்றைச் சேர்த்து, வெளிவரும் நீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) அளவு பூச்சியமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அளவு ஏறத் தொடங்கினால் ரெசின் தீர்ந்துவருகிறது என்று பொருள். உங்கள் பழுப்புப் படலம் துடைக்கத் துடைக்க வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கக்கூடும்.

உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீர் வற்றினால் 35 என்பது ஏறத்தாழ 39 ஆகிவிடும். ஈடுசெய்ய ஊற்றுவது எப்போதும் உப்பில்லாத தூய நீராக இருக்க வேண்டும், அதையும் நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மின்விசிறி வைத்தால் வற்றுவது இன்னும் கூடும் என்பதால் தானியங்கி நிரப்பியை வாங்குவதற்குத் தயங்காதீர்கள். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் சரிபார்ப்பதைவிட 35 அளவுள்ள திருத்தக் கரைசலில் சரிபார்ப்பதே நம்பகமானது.

வெப்பத்தைப் பொறுத்தவரை 25 முதல் 27 பாகை செல்சியஸ் நல்லது. நீர்ப்பரப்பின் மீது வீசும் மின்விசிறி இரண்டு மூன்று பாகை குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஆவியாதலை நம்பி வேலை செய்வதால், கடலோர ஈரக்காற்றில் பலன் குறைந்துவிடும். மே மாதத்துப் பிற்பகலில் அறையே 34 பாகையில் இருக்கும்போது, பம்புகளும் விளக்கும் தரும் சூட்டையும் சேர்த்து விசிறி மட்டும் சமாளிக்காது. பவளம் வளர்க்கும் எண்ணம் இருந்தால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். அது அறைக்குள் வெப்பத்தைக் கக்கும் என்பதால் மூடிய அலமாரிக்குள் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். விளக்கைப் பிற்பகலில் எரிப்பதற்குப் பதிலாக மாலை ஐந்து மணி முதல் இரவு வரை எரியவிட்டால் சுமை குறையும், நீங்களும் வீட்டில் இருக்கும்போது பார்க்கலாம்.

சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். அதனால் கோடை மின்வெட்டு இருமடங்கு ஆபத்து. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றாவது கையில் இருக்கட்டும். உப்புநீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், தொட்டிக்கான மின் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டவுடன் துண்டிக்கும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.

மறுமொழி 3: முத்துநகர்

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். செயற்கைப் பாறையில் தொடங்கியதற்கு என் பாராட்டு. அது சிமெண்டு கலந்து செய்ததாக இருந்தால் மட்டும் நன்கு ஊறவைத்து, காரத்தன்மை அடங்கியதா என்று பாருங்கள்.

இனிமேல் யாராவது "இயற்கைப் பாறை" அல்லது "காய்ந்த பவளம்" என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். 2001 முதல் கடின பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், குழற்பவளம், கடல்விசிறி ஆகியவையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இறந்த பவளத் துண்டு என்றாலும் விலக்கு இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டதன் காயம் இன்னும் ஆறவில்லை. நம் வீட்டு அழகுக்காக அதில் ஒரு கல்கூடக் குறையக் கூடாது. காளான் பவளம், சோவாந்திட், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள் தொடங்குவோருக்கு எளிதானவை, அந்தப் பட்டியலிலும் இல்லை. இறக்குமதிக்கான ஆவணத்தைக் கேட்டு, வேறொருவர் தொட்டியில் வளர்ந்து பிரிந்த துண்டுகளை வாங்குவதே சிறந்த வழி.

முதல் மீனாகப் பண்ணையில் பிறந்த கோமாளி மீனைத் தேடுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் அதன் குஞ்சு உற்பத்தி முறையை உருவாக்கிப் பரப்பியிருப்பதால், கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி கேட்டவர்: அடையாறு_நீர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டிடிஎஸ் அளந்து பார்த்தேன். என் ஆர்ஓ நீர் 40-க்கு மேல் காட்டுகிறது. டிஐ குப்பிக்குச் சொல்லிவிட்டேன். பிளென்னியைத் தள்ளிப்போடுகிறேன், ஆனால் கைவிட மனமில்லை. 180 லிட்டருக்கு லான்மோவரைவிடப் பொருத்தமான பிளென்னி உண்டா? கடையில் கருப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட "ஃபாங் பிளென்னி" ஒன்றையும் காட்டினார்கள்.

மறுமொழி 4: பவளத்திட்டு

உங்கள் தொட்டிக்கு நான் முதலில் சொல்வது வாற்புள்ளி பிளென்னி, அதாவது எக்சீனியஸ் ஸ்டிக்மாட்யூரா. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களைச் சேர்ந்த இது 6 செ.மீ. அளவே வளரும், அதனால் அதன் பசியும் சிறியது. பாறையை மேய்வதோடு, நீரில் மிதந்துவரும் குருணையையும் உறைந்த மைசிஸ் என்னும் சிற்றிறால் போன்ற உணவையும் பெரும்பாலும் எளிதில் ஏற்றுக்கொள்ளும். நீங்கள் விரும்பும் அந்தப் பொந்து வாழ்க்கையும் கண் சுழற்றலும் இதனிடம் குறைவில்லாமல் உண்டு. நான்கு மாதப் பாறையே இதற்குப் போதும் என்பேன்.

மைடாஸ் பிளென்னி முற்றிலும் வேறு குணம் கொண்டது. பொன்னிறத்தில் 13 செ.மீ. வரை வளரும் இது பாசி மேய்வதில்லை. ஆந்தியாஸ் மீன் கூட்டத்தோடு நிறத்தால் ஒத்துப்போய், அவற்றினூடே நீந்தி மிதவை உயிரிகளை உண்ணும். நாளுக்கு இரண்டு மூன்று முறை உணவிட முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஃபாங் பிளென்னி என்று காட்டியது மெயகாந்தஸ் இனமாக இருக்கலாம். அதன் கீழ்த்தாடைக் கோரைப் பற்களில் நஞ்சு உண்டு; அதில் அபின் போன்று செயல்படும் புரதத் துணுக்கு இருப்பதை 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. விழுங்கிய பெரிய மீன் கடிபட்டு உடனே துப்பிவிடும். தொட்டியில் அது அமைதியான மீன்தான், மனிதரைக் கடிப்பதும் அரிது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது: பிளாஜியோட்ரீமஸ் என்னும் வேறொரு இனத்தின் சில மீன்கள் அதைப் போலவே தோற்றம் கொண்டு, பிற மீன்களின் செதிலையும் தோலையும் கடித்துத் தின்கின்றன. இரண்டையும் உறுதியாகப் பிரித்தறியும்வரை வாங்க வேண்டாம்.

எந்தப் பிளென்னியானாலும் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். தன்னை ஒத்த உருவமுள்ள மீனை அது விரட்டும் என்பதால் நீண்ட உடல் கொண்ட கோபி மீன்களைச் சேர்ப்பதானால் அவற்றை முன்னதாக விடுங்கள். பொந்துகள் பல இருக்கட்டும். வாலை உள்ளே செலுத்திப் பின்னோக்கி நுழையும் அளவுக்கு ஒடுக்கமானவையே அதற்குப் பிடிக்கும். இவை தாவக்கூடிய மீன்கள், ஆகவே தொட்டியின் மேல் 6 மி.மீ. கண்ணுள்ள வலையை இழுத்துக் கட்டுங்கள். கண்ணாடி மூடி வேண்டாம், அது வெப்பத்தையும் அடைத்துவைக்கும்.

வாங்கியதும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். இவற்றுக்குச் செதில் இல்லை என்பதால் வெண்புள்ளி நோய்க்கான தாமிர மருந்தை மிகக் கவனமாக அளந்தே கொடுக்க வேண்டும். பவளமுள்ள பெரிய தொட்டியில் அந்த மருந்து ஒருபோதும் கூடாது. தனித்தொட்டியிலும் வாளியில் பாசி ஏறிய ஒரு கல் இருக்கட்டும். முதல் சில நாட்கள் உடல் திட்டுத்திட்டாக நிறம் மாறி, பொந்தைவிட்டு வெளியே வராமல் இருக்கும். அப்போது விளக்கைக் குறைத்து, பொந்தின் வாயருகே சிறிது உணவை வைத்துவிட்டு, கையை விடாமல் இருங்கள்.