மறு: வினைல் ஆல்கஹால் – ‘நிலையாச் சாராயம்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் தொகுப்பில் வினைல் ஆல்கஹால் என்னும் சேர்மத்துக்கு (இரட்டைப் பிணைப்பால் இணைந்த இரு கார்பன்கள், அவற்றில் ஒன்றில் –OH) முன்மொழியப்பட்ட ‘நிலையாச் சாராயம்’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் வாக்கு அதற்கில்லை. ‘சாராயம்’ என்றதும் வகுப்பில் எழும் சிரிப்பைக்கூடச் சமாளித்துவிடலாம். எனக்கு உறுத்துவது ‘நிலையா’ என்ற அடைமொழி.

இரட்டைப் பிணைப்புள்ள கார்பனின்மேல் நேரடியாக ஹைட்ராக்சில் தொகுதி (–OH) அமர்ந்தால் அந்தச் சேர்மம் ஆல்டிஹைடாகவோ கீட்டோனாகவோ (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் உள்ளவை) மாறிவிடும் என்று 1880இலேயே ஜெர்மன் வேதியியலாளர் எர்லன்மையர் சொல்லிவிட்டார். மறு ஆண்டு ரஷ்ய வேதியியலாளர் குச்செரோவ் பாதரச உப்பின் துணையோடு அசிட்டிலீனில் நீரைச் சேர்த்தார், கிடைத்தது அசிட்டால்டிஹைடு. நம் சேர்மம் இடையில் தோன்றி மறைந்துவிட்டது. ஆக்சிஜனிலிருந்து ஒரு புரோட்டான் கழல்கிறது, மறு கார்பனில் ஒரு புரோட்டான் வந்து சேர்கிறது, இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் பக்கம் நகர்கிறது. இதனால் மோலுக்குச் சுமார் 40 கிலோஜூல் ஆற்றல் குறைகிறது. சமநிலையில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு ஒன்றுகூட ஈனால் வடிவில் (இரட்டைப் பிணைப்புக் கார்பனில் –OH உள்ள வடிவம்) தேறாது.

ஆனால் அந்தப் புரோட்டான் தானாகத் தாவிவிடாது. தனி மூலக்கூறு கடக்க வேண்டிய ஆற்றல் தடை மோலுக்கு 200 கிலோஜூலுக்கும் மேல். சிறிதளவு அமிலமோ காரமோ கைகொடுத்தால்தான் மாற்றம் விரைவாக நடக்கும். அந்தத் துணை கிடைக்காத இடத்தில் இது பாட்டுக்கு இருக்கும்: 2001இல் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலுள்ள 12 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி, தனுசு பி2 என்னும் விண்மீனிடை மேகத்தில் இதைக் கண்டறிந்தது. சோதனைக் குழாயில் தங்கவில்லை என்பதற்காகப் பெயரிலேயே குற்றம் சாட்டலாமா?

‘இரட்டைப்பிணை ஆல்கஹால்’ என்ற மாற்று யோசனையும் சரிவராது. அல்லைல் ஆல்கஹாலிலும் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆனால் ஹைட்ராக்சில் ஒரு கார்பன் தள்ளி இருப்பதால், அது 97 பாகை செல்சியஸில் கொதிக்கும் சமர்த்தான திரவம். (‘வினைல்’ என்பதில் தமிழ் வினையைத் தேடியவருக்கு: அது திராட்சை மதுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.)

என் பரிந்துரை ‘எத்தீனால்’. எத்தீனும் தெரியும், எத்தனாலும் தெரியும். மாணவர் தாமே பிரித்துப் பார்த்துக்கொள்வார். எத்தனாலுக்கும் இதற்கும் ஒரு சுழிதான் வேறுபாடு என்பதால் மெய்ப்பு பார்ப்பவர் பாடு திண்டாட்டம்தான். முதல் முறை வரும் இடத்தில் வினைல் ஆல்கஹால் என்றும் சேர்த்து எழுதிவிடலாம்.

வரைவிலுள்ள விளக்கத்தில் ஒரு திருத்தம். பாலிவினைல் ஆல்கஹாலை (சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த பலபடி, அதாவது பாலிமர்) ‘எத்தீனாலைப் பலபடியாக்கிப் பெறுவது’ என்று எழுதியிருக்கிறோம். பலபடியாக்க அது கைக்குக் கிடைத்தால்தானே! வினைல் அசிட்டேட்டைப் பலபடியாக்கி, பிறகு அசிட்டேட் தொகுதிகளை நீக்குகிறார்கள். ஜெர்மனியில் ஹெர்மானும் ஹேனலும் 1924இல் தொடங்கி வைத்த வழி அது. சலவைத்தூள் பொதிந்து, நீரில் கரைந்துபோகும் மெல்லிய உறை இந்தப் பலபடிதான்.

இலங்கை நண்பர்கள் எதீன், எதனோல் என்று எழுதுவதால் அங்கே ‘எதீனோல்’ என்றாகும். இரண்டையும் ஒரே பதிவில் தரலாமா?